சத்தம் நிறுத்தும் பட்டன்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் திட்டப் பிரிவுக்குப் புது சிமுலேஷன் மென்பொருள் விற்க வந்தவர், பயிற்சியே தேவையில்லை என்றார். எந்தக் கச்சா எண்ணெய் என்று சொன்னால் போதும், அடுத்த மாதம் முழுவதும் ஆலை எப்படி இயங்கும் என்பது திரையில் ஓடிவிடும்.

திட்ட அதிகாரி எழிலரசி மலிவான, கனமான எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தாள். லாபம் கிடுகிடுவென ஏறியது. திரையில் மாதக் கடைசி வந்தபோது ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. தினமும் வாக்கி டாக்கியில் அவள் கேட்கும் ஆபரேட்டர் பன்னீர்தாஸின் குரல்.

“ஹீட்டர் பக்கம் ஒரு மாதிரி வாடை வருதும்மா. பாத்துட்டு வந்து சாப்புடுறேன்.”

பிறகு அவர் பேசவில்லை. மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“குரலெல்லாம் எதுக்கு சார் வருது?”

“அதான் தொந்தரவுன்னு நெறைய பேர் சொன்னாங்க மேடம். சத்தத்த நிறுத்த இந்தப் பட்டன வெச்சோம். அப்புறம் யாருமே கஷ்டம்னு சொல்லல.”

அழுத்தினாள். அறை அமைதியானது. லாபம் அப்படியே இருந்தது. வெறும் கணக்குதானே என்று நினைத்துக்கொண்டு, மென்பொருளுக்கும் அந்த மலிவான எண்ணெயை வாங்கும் திட்டத்துக்கும் சேர்த்தே ஒப்புதல் கொடுத்தாள்.

அடுத்த மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேசைமேல் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“ஹீட்டர் பக்கம் ஒரு மாதிரி வாடை வருதும்மா...”

எழிலரசியின் விரல், அவளைக் கேட்காமலே, அந்தப் பட்டனைத் தேடிப் போனது.