கழிக்காத குறை

"நாய் வாங்க வந்தீங்களா, கொழுந்து நிறுக்க வந்தீங்களா? ஈரத்துக்கு ரெண்டு கிலோ, கூடைக்கு ரெண்டு கிலோன்னு எங்க கணக்கப்புள்ள கழிக்கிற மாதிரியே கழிக்கிறீங்க!" கலாராணி சீறினாள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த நேரம் போக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஷெப்பர்ட் நாய் வளர்த்துக் குட்டி விற்பவள் அவள். இது கடைசிக் குட்டி.

வெலிமடையில் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் ரமேஸுக்குக் கோபமே வரவில்லை. சலவைச் சட்டையோடு குந்தி, குட்டியின் தலையைத் தடவினான். "கோவிச்சுக்காதீங்கக்கா. பின்னங்கால் நொண்டுது, அதுக்கு ரெண்டாயிரம். வயிறு ஒட்டிக் கெடக்கு, அதுக்கு ஆயிரம். பன்னெண்டு தர்றேன்."

"பதினஞ்சுல ஒரு சதம் குறையாது. ஆடு விக்கிறப்ப நீங்க இப்படித்தான் நொண்டி பாத்துக் குறைப்பீங்களா?"

"சரிங்கக்கா, தாயைக் கொஞ்சம் காட்டுங்க."

"தாயைப் போன மாசம் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. இந்தாங்க, அதுக்கும் கழிங்க!"

ரமேஸ் உச்சுக் கொட்டினான். "பாவம். அப்ப ராத்திரியில தாயைத் தேடிக் கத்துமோ?"

கலாராணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இதற்கும் ஆயிரம் போகப் போகிறது. பொய் சொல்லிவிடலாம். ஆனால் போகிற வீட்டில் அடிபட்டே குட்டி செத்துப்போகும்.

"கத்தும்! விடிய விடியக் கத்தும். ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. லயமே என்னைத் திட்டுது. அடிக்காம வளக்கிறதுன்னா வாங்குங்க. இல்லன்னா எடத்தைக் காலி பண்ணுங்க."

ரமேஸ் எழுந்தான். பதினைந்தாயிரத்தையும் எண்ணி அவள் கையில் வைத்தான்.

அவள் நோட்டுகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். இருபது வருடமாகத் தராசு முன்னால் நிற்பவள். குறையைக் காதால் கேட்டுவிட்டு ஒன்றும் கழிக்காத மனிதனை இப்போதுதான் பார்க்கிறாள்.

விறுவிறுவென உள்ளே போய் ஒரு பழைய சாக்கோடு வந்தாள். "தப்பா நெனச்சுட்டேன் தம்பி. இது தாய் படுத்த சாக்கு. இதுல போட்டீங்கன்னா வாசம் புடிச்சுக்கிட்டுக் கத்தாமத் தூங்கும்."

"ரொம்ப நன்றிங்கக்கா." ரமேஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

குட்டியோடு அவன் ஏறிய ஆட்டோ முதல் வளைவைத் தாண்டியதும் சாக்கு வெளியே பறந்து ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தது. குட்டி கத்தத் தொடங்கியது. ரமேஸ் போனை எடுத்து, பட்டியில் காவலிருந்த தம்பியைக் கூப்பிட்டான்.

"சுருக்குக் கம்பியக் கட்டி வைடா. இது கத்துற கத்துல நம்ம ஆட்டைத் தூக்குற சிறுத்தை தானா வரும்."