மூன்றாவது குழாய்

“பத்து மணி நேரம்” என்று சொல்லி, மண்ணில் போட்ட கணக்கிலிருந்து தலை நிமிர்ந்தான் தம்புசாமி. சுற்றி நின்ற பையன்களில் பாதிப் பேர் குதித்தார்கள். மீதிப் பேர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

யோகநாதன் இரண்டும் செய்யவில்லை. அவனுக்கு வந்த விடை ஐந்து.

கோலாலம்பூரில் சீனியர் கேம்பிரிட்ஜ் கணக்குப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. விடிய விடியப் பெய்த மழை விட்டு, மண்டப வாசலில் ஈர மண் மினுங்கியது. பல பள்ளிக்கூடத்துப் பையன்களும் கூட்டங்கூட்டமாக நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் அஞ்சு மணித்தியாலம் எண்டெல்லோ எழுதிப்போட்டன்” என்று முனகினான் யோகநாதன்.

தம்புசாமிக்கு அது கேட்டுவிட்டது. அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். தம்புசாமியின் காற்சட்டையில் முழங்கால் வரை சேறு. வெளியூரான ரவாங்கிலிருந்து ரயிலில் வருகிறவனுக்கு மழைக்காலத்தில் இது வழக்கம்தான்.

“இங்க பாரு. ரெண்டு குழாய் தொட்டியை நிரப்புது. ஒண்ணு பன்னெண்டு மணி நேரத்துல, இன்னொண்ணு பதினஞ்சுல. மூணாவது குழாய் இருபது மணி நேரத்துல தொட்டியைக் காலி பண்ணுது. நீ அதையும் சேர்த்துக் கூட்டிட்டே. கழிக்கணும்டா.”

யோகநாதனின் ஐயா கந்தையா ரயில்வே கிளார்க். மூத்த மகன் இதே பரீட்சையில் தேறி சிங்கப்பூர் காலேஜுக்குப் போனதைத் தாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கணக்கில் தவறினால் காலேஜ் என்ற பேச்சே கிடையாது. திரும்ப எழுதலாமென்றால் வயது ஏறிவிட்டது. இவனையும் சரி, தம்புசாமியையும் சரி, அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

“அடுத்த கணக்கைப் போடு லா” என்று கேள்வித்தாளை நீட்டினான் கிள்ளானிலிருந்து வந்த பாலன்.

மற்றவர்கள் எல்லாம் எழுதிய விடையை நினைவிலிருந்து சொன்னார்கள். தம்புசாமி மட்டும் கேள்வியைப் படித்து, ஒவ்வொன்றையும் முதலிலிருந்து போட்டான். உள்ளே அவ்வளவு நேரம் மூளையைப் பிழிந்த பிறகும் இவனுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று யோகநாதனுக்கு எரிச்சலாக இருந்தது. மண்டபத்தில் தம்புசாமிக்குக் கடைசி வரிசை, யோகநாதனுக்கு முதல் வரிசை. பயத்தில் இவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வட்டிக் கணக்கும் இவனுக்குப் பிழை. வட்டத்துக்குள் முக்கோணம், அதுவும் பிழை. அதற்கு மேல் யோகநாதன் காதைக் கொடுக்கவில்லை.

“எல்லாம் சரிடா!” பாலன் தம்புசாமியின் முதுகில் ஓங்கி அறைந்தான். “ரயில்வே கூலி லயத்துல இருந்து சிங்கப்பூர் காலேஜ்! ஒங்கப்பா தண்டவாளச் சல்லிக் கூடையைத் தூக்கிப் போட்டுட்டு ஆடப் போறாரு, பாரேன்!”

தம்புசாமி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கூட்டம் கலைந்ததும் இருவரும் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்கள்.

“வீட்ட போகக் கால் எழும்புதில்லை” என்றான் யோகநாதன். “ஐயாவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

“விடை தப்பா இருந்தாலும் போட்ட வழிக்கு மார்க் குடுப்பாங்கடா. நீ எல்லாத்தையும் எழுதியிருக்கேல்ல?”

“எழுதி என்ன பிரயோசனம்? முழுக்கப் பிழை.”

“எழுதியிருக்கேல்ல. அது போதும்.”

ஸ்டேஷன் கூரை கண்ணில் பட்டதும் தம்புசாமி நின்றுவிட்டான். ரவாங் ரயிலுக்கு நேரமாகியும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

இவனுக்கு என்ன கவலை என்று யோகநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உனக்கென்னடா! பெரிய மனுசன் மாதிரி எனக்கு ஆறுதல் சொல்லுறாய். உன்ர விடைத்தாளை எனக்குத் தந்திட்டு என்ர விடைத்தாளை நீ எடுப்பியே? சொல்லு, எடுப்பியே?”

“எடுத்துக்குவேன்.”

“பொய்!”

“சத்தியமாடா.” தம்புசாமி தண்டவாளம் போகும் திசையைப் பார்த்தபடியே சொன்னான்: “காலையில கெப்போங் கிட்ட மண்ணு சரிஞ்சு ரயில் நின்னுருச்சு.”

“அதுக்கு?”

“அங்கேருந்து நான் ஓடி வர்றதுக்குள்ள ஹால் கதவைச் சாத்திட்டாங்கடா.”