சிப்பிச் சொட்டு

ஜெனோவாவும் பிரிஸ்காவும் இரட்டைப் பிறவிகள். குளச்சலில் எல்லோரும் நாற்பது வயதிலிருந்தே சிப்பிப் புரதத்தில் எடுத்த இளமைச் சொட்டைக் குடித்தார்கள். ஜெனோவாவுக்கு மட்டும் சிப்பி ஒத்துக்கொள்ளாது. ஒரு துளி பட்டாலே தொண்டை வீங்கிவிடும்.

அவர்களுடைய அறுபதாவது பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வந்தவர், "அம்மா, நீங்க மகளுக்குப் பக்கத்துல நில்லுங்க" என்று ஜெனோவாவிடம் சொன்னார். அவள் கேக்கைக்கூட வெட்டாமல் அறைக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே வந்த பிரிஸ்கா, அவள் கன்னத்துச் சுருக்கங்களைத் தடவிப் பார்த்தாள்.

"செத்துப்போன அம்மைக்க மொகம் உனக்கு அப்படியே வந்திருக்குடி. எனக்கு இனி வரவே வராதுல்லா" என்று விம்மினாள்.

ஜெனோவா தங்கையின் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். அழும்போதும் பிரிஸ்கா அழகாகத்தான் இருந்தாள். அதுதான் ஜெனோவாவுக்குப் பொறுக்கவில்லை.