எதிர்க் கட்டடம்

"போட்டோக்காரம்மா, நிஜமாவே எங்க கட்டடம் சாயுதா, இல்ல உங்க கைதான் ஆடிடுச்சா?"

தையல்காரர் நான்காவது முறையாகக் கேட்டார். அவருடைய தையல் மிஷின் அவள் வீட்டு ஹாலின் நடுவில் நின்றது. அதைச் சுற்றி எதிர்க் கட்டடத்து மூன்று குடும்பங்கள், மொத்தம் பதினான்கு பேர், மூட்டை முடிச்சோடு. காலை எட்டு மணிக்கு மழையில் ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டி, இந்த மூன்றாவது மாடிக்கு எல்லோரையும் அழைத்து வந்தது அவள்தான்.

"என் கை ஆடாதுங்க" என்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பால்கனியில் நின்று தெருவை முழுசாகப் படம் எடுப்பது அவளுடைய நாலு வருஷப் பைத்தியம். அகல பிலிம் போடும் கனமான கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். ஸ்டாண்டு கிடையாது, கையில் பிடித்தே எடுப்பாள். தெருவின் இடது கோடியில் தொடங்கி, மூச்சைப் பிடித்து ஒன்று, இடுப்பை மட்டும் கொஞ்சம் திருப்பி இன்னொன்று என்று ஆறு படம். ஒன்றின் வலது ஓரத்தில் இருப்பது அடுத்ததன் இடது ஓரத்திலும் விழ வேண்டும். அப்போதுதான் ஆறையும் ஒட்டி ஒரே நீளப் படமாக்க முடியும். பிலிம் பெரிது என்பதால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைக்கூட எண்ணிவிடலாம்.

நேற்று எடுத்து, இரவே வீட்டில் கழுவிப் பிரிண்ட் போட்ட படங்களை இன்று காலை ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்க் கட்டடம் பதிவாகியிருந்த நான்காவது படத்தில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தூரத்துச் செல்போன் கோபுரம் பாதி மறைந்திருந்தது. போன மாதப் படத்தில் அதே கோபுரம் தொட்டியை விட்டு விலகித் தனியாக நின்றது. கோபுரமா நடந்து வரும்? தொட்டிதான் நகர்ந்திருக்க வேண்டும். தொட்டி நகர்ந்தால் கட்டடம் நகர்ந்திருக்கிறது. ஒரு மாதமாக விடாத மழை வேறு. மற்றப் படங்களைத் தொடக்கூட இல்லை, செருப்பு மாட்டாமல் ஓடினாள்.

"ஒரு தொட்டியைப் பார்த்துட்டுத் தெருவையே கிளப்பிட்டியே. ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது?" சமையலறையில் கணவர் அவள் காதருகே முணுமுணுத்தார்.

"ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் பதினான்கு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு போனார். "பயப்படாதீங்க. இங்க பத்திரமா இருக்கீங்க, நல்லாக் காலை நீட்டி உட்காருங்க" என்று எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்.

"நாளைக்கு நாப்பது யூனிபார்ம் குடுக்கணும்மா. நான் வீட்டுக்கே போறேன்" என்று தையல்காரர் எழுந்தார்.

அவள் வாசற்கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, உங்க கால்ல வேணாலும் விழறேன். நகராட்சிக்குப் போன் பண்ணிட்டேன், இன்ஜினியர் வந்துட்டிருக்கார். அவர் வர்ற வரைக்கும் இங்கயே தைங்க."

அவருக்கும் பயம்தான். முனகிக்கொண்டே உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஹால் அதிர மிஷின் ஓடத் தொடங்கியது. குழந்தைகள் அதைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடின. அவளுக்கு மட்டும் நெஞ்சுக்குள் வேறொரு மிஷின் ஓடியது. ஜன்னல் பக்கம் போவதும், எதிரே பார்ப்பதும், வருவதுமாக இருந்தாள்.

பதினோரு மணிக்கு நகராட்சி இன்ஜினியர் நனைந்துபோய் வந்தார்.

"எதிர்ல அடியிலேர்ந்து மொட்டைமாடி வரைக்கும் பார்த்துட்டேன். ஒரு விரிசல்கூட இல்லை. எதை வச்சும்மா சாயுதுன்னு சொன்னீங்க?"

பதினான்கு ஜோடிக் கண்கள் அவள்மேல் திரும்பின. கணவர் தரையைப் பார்த்தார். அவள் இரண்டு மாதத்து நான்காவது படங்களையும் நீட்டினாள். இன்ஜினியர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தொட்டி நகர்ந்த மாதிரிதான் தெரியுது. மத்த அஞ்சு படம் எங்க?"

"அதையெல்லாம் நான் பார்க்கலை சார்."

"கொண்டாங்க."

சாப்பாட்டு மேஜையில் போன மாதத்து ஆறையும் வரிசையாகப் பரப்பி, அதற்குக் கீழே இந்த மாதத்து ஆறையும் பரப்பினார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு படமாக அளந்தார். ஆறாவது படத்துக்கு வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"பால்கனியில."

"போன மாசமும் அதே இடமா? கையில பிடிச்சு எடுக்கறீங்க, கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம் இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

"கை வேணா அசையலாம் சார், ஆள் அசைய மாட்டேன். இடது தோள் தூண்ல ஒட்டியிருக்கும், குதிகால் சுவத்துல ஒட்டியிருக்கும். நாலு வருஷமா அதே தூண், அதே சுவர். ஒரு நூல் தப்பாது."

இன்ஜினியர் திரும்பித் தையல்காரரைப் பார்த்தார். "அண்ணே, மிஷினை நிறுத்துங்க." பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்க் கட்டடம் மட்டும் இல்லம்மா. பக்கத்து கிளினிக், மூலை வீடு, விளக்குக் கம்பம்னு கிட்ட இருக்கிறது அத்தனையும், பின்னால தூரத்துல தெரியறதை விட்டு ஒரே பக்கமா நகர்ந்திருக்கு. தெருவே பேசி வச்சுக்கிட்டு நகருமா?"

"அப்ப எதுதான் சார் நகர்ந்திருக்கு?"

"நீங்க தோளை ஒட்டி நின்ன தூண். சத்தம் போடாம, ஒவ்வொருத்தரா, எல்லாரையும் அந்த எதிர்க் கட்டடத்துக்கே கூட்டிட்டுப் போங்க."