முதுகுப் பக்கம் ஒரு முடிச்சு

"விடுட்டி, பஸ் போயிரும்—"

"நீ விடும்மா மொதல்ல, எனக்குத்தான் பஸ்ஸு—"

"தீப்பெட்டி ஆபீஸ்ல கேட்டைச் சாத்திருவான்—"

"எந்த ஆபீஸும்மா? அதை மூடியே பதினெட்டு வருசமாச்சு!"

"மூடிருவான்னுதான நானும் சொல்லுதேன், கைய விடு!"

ஒரே தூக்குச்சட்டியை இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். மகள் வேலைக்குக் கொண்டுபோகக் கட்டிய சோறு அதில் இருந்தது. அம்மா அதைத் தன்னுடையது என்றாள்.

"யாருட்டி நீ? விடியுமுன்ன அடுத்தவ சட்டியத் தூக்க வந்திருக்க, கள்ளி."

"உம் மகம்மா."

"எம் மகளுக்கு மூணு வயசு."

மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்குத் தெருமுனையில் மகள் வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனி பஸ் வந்து நிற்கும். இரண்டு ஹாரன் அடிப்பான். மூன்றாவதுக்கு நிற்க மாட்டான்.

"இன்னைக்கு லீவும்மா," என்றாள் மகள்.

"என்னத்துக்கு லீவு? பொங்கலா, தேரா?"

"மொதலாளி வீட்டுல விசேசம்."

"அவன் வீட்டு விசேசத்துக்கு நமக்கு எதுக்குட்டி லீவு? அன்னைக்குத்தான் ரெண்டு கட்டை குச்சி கூட அடுக்கச் சொல்லுவான்."

முப்பது வருடம் தீக்குச்சி அடுக்கியவளிடம் அந்தப் பொய் செல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மகள் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போனாள். பின்கதவில் கரையான் தின்ற பலகையை உடைத்துக்கொண்டு அம்மா வெளியே வந்துவிட்டாள். நாலுவழிச் சாலையின் நடுவில் நின்று லாரிக்குக் கை காட்டினாள், பஸ் என்று நினைத்து. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது லாரி.

புதனும் வியாழனும் மகள் வேலைக்குப் போகவில்லை.

இன்றும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று போர்மேன் போனில் சொல்லிவிட்டான். சென்னையில் இருக்கும் தம்பி போனையே எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால், தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாம் அதே பஸ்ஸுக்குப் போகிறவர்கள்.

மகள் தூக்குச்சட்டியை விட்டாள்.

கொடியில் கிடந்த பழைய நூல் சேலையை உருவினாள்.

அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்தாள். இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று. கட்டில் காலோடு ஒரு சுற்று. வயிற்றின் மேல் முடிச்சு. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் செய்தாள்.

அம்மா குனிந்து முடிச்சைப் பார்த்தாள்.

விரல்கள் நாலு தடவை அசைந்தன. சேலை அவிழ்ந்து மடியில் கிடந்தது.

மறுபடி கட்டினாள்.

மறுபடி அவிழ்ந்தது.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட நேரமில்லை.

"கனி."

அம்மா மகளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

"முன்னால போட்டா எப்படிட்டி நிக்கும்? முதுகுப் பக்கம் போடு. கை எட்டாது."

"யம்மா..."

"சின்னப்பிள்ளையில ஒனக்கு அப்படித்தான் போடுவேன். ஒருநா அவசரத்துல முன்னால போட்டுட்டேன். நீ அவுத்துட்டு நேரா அடுப்புகிட்டப் போயிட்ட. தொடையில அந்தத் தழும்பு இன்னும் கெடக்கா?"

கிடக்கிறது.

"கயிறு மட்டும் ஆகாது, தோலை உரிச்சிரும். சேலைதான் நல்லது. தெருவுல எல்லாப் பிள்ளையும் சேலையிலதான் கெடந்துச்சு. பெறகு நாங்க ஆபீஸ் போறது எப்படி?"

சொல்லிவிட்டு அம்மா தானே திரும்பி முதுகைக் காட்டினாள். போன வருடம் தைத்த ரவிக்கை. தோளில் நிற்காமல் நழுவியது.

தெருமுனையில் முதல் ஹாரன்.

மகள் கட்டினாள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று.

"இறுக்கு."

"வலிக்கும்மா."

"நீயும் வலிக்குன்னுதான் சொன்ன. நான் இறுக்கத்தான செஞ்சேன்?"

மகள் இறுக்கினாள்.

அம்மா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் துழாவினாள். விரல் நுனி முடிச்சுக்கு நாலு விரற்கடை தள்ளியே நின்றது. சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

இரண்டாவது ஹாரன்.

ஒரு செம்புத் தண்ணீர் கட்டில் ஓரத்தில். தட்டில் இரண்டு இட்லி. தூக்குச்சட்டி. செருப்பு. பூட்டு.

"சாயங்காலம் வந்துருவேம்மா."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அம்மா சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

"எக்கா, வேலைக்கா போறீக? எம் மகளைத் தனியாக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். அழுதழுது தண்ணி தவிச்சுக் கெடக்கும். போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கக்கா."