பார்த்து முடிக்கும்வரை

மேசை இருந்த இடத்தில் நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன.

கம்பளத்தில், கால் ஒன்றுக்கு ஒன்றாக.

தவமலர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடங்களாக அந்த மேசையருகில் நின்று பெண்களுக்கு உள்ளாடை அளவெடுத்தவள். வேலை போகிறது என்று கடிதம் வந்த அன்று வராத அழுகை இப்போது வந்தது.

தப்பு அவளுடையதுதான்.

லண்டனுக்குத் தெற்கே, ஊரின் பெரிய தெருவில், நூற்றுப் பதினோரு வருடம் அசையாமல் நின்ற நாலு மாடிக் கடை. இன்றோடு மூடுகிறார்கள். சரக்கை விற்றுத் தீர்க்க வந்த அதிகாரி ஆறு வாரமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் விற்றான். துணி மாட்டிவைக்கும் பொம்மைகளின் கைகளைக்கூடத் தனியே கழற்றி விற்றான், மகராசன். யாருக்காகவும் எதையும் எடுத்துவைக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம்.

தவமலர் எடுத்துவைத்தாள்.

உட்புறம் பை தைத்த ஒரு பிரா. அந்தப் பைக்குள் வைக்க ஒரு சிலிக்கோன் மார்பு. அந்த அளவில் கடையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அட்டைப்பெட்டியோடு மேசையின் இழுப்பறைக்குள் ஒளித்தாள். மேசையே விலைபோகும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

மூன்று மணிக்கு அதை வாங்க சுபோதினி வருவாள். புற்றுநோயால் இடது மார்பை எடுத்து ஏழு வாரம் ஆகிறது.

தவமலர் பின்வாசலுக்கு விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் அதன் பாட்டுக்கு முனகியது.

மேசை வேனில் ஏறிவிட்டிருந்தது.

வாங்கியவன் தாடிக்காரன். கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். நாய்களுக்கு முடி வெட்டும் கடை திறக்கப் போகிறானாம். இழுப்பறைக்குள் இருப்பதும் தனக்குத்தான் சொந்தம் என்று சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே இருந்ததைத் தொட்டுப் பார்த்தான். விளங்கவில்லை.

அவள் தன் இடது நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள்.

சிரிப்பு நின்றது. காது மடல்வரை சிவந்துபோனான், பாவம். பெட்டியை மூடி இரண்டு கையாலும் நீட்டினான்.

சுபோதினி சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஜூன் வெயிலில் கம்பளிக் கோட் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தாள். காலில் பழுப்புச் செருப்பு. கைப்பையை இடது பக்கமாக அணைத்துப் பிடித்திருந்தாள்.

"திங்கள் பள்ளிக்கூடம் போறன் அக்கா. முப்பது பிள்ளையளுக்கு முன்னால நிண்டு படிப்பிக்கோணும்."

"அதுக்கென்ன, நிப்பீங்கள்."

"இவர் ஒன்லைனில ரெண்டு எடுத்துத் தந்தவர். ஒண்டும் சரிவரேல்லை."

எப்படிச் சரிவரும்? ஒருத்தி கிட்ட நின்று, தொட்டு, அளந்து தரவேண்டிய சாமான் அது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

உடைமாற்றும் அறைகளின் கதவுகளைக் காலையிலேயே கழற்றிப்போயிருந்தார்கள். நிலைக்கண்ணாடிகள் மத்தியானம் போயின. எங்கே பார்த்தாலும் ஆட்கள், மிச்சம் மீதியைக் கிண்டிக்கொண்டு.

சுபோதினியின் முகம் சுருங்கியது. திரும்பிப் போகப் பார்த்தாள்.

தவமலர் அவள் கையைப் பிடித்து ஷோகேஸுக்குள் கூட்டிப்போனாள்.

தெருவைப் பார்த்த, ஆள் உள்ளே நிற்கக்கூடிய ஷோகேஸ். கிறிஸ்துமஸ் வந்தால் ஊரே வந்து வாய்பார்க்கும் இடம். இப்போது அதன் கண்ணாடியின் உட்புறம், அடியில் ஒரு முழம் மட்டும் விட்டு, உச்சிவரை கருஞ்சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில், 'எல்லாம் விற்றுத் தீர வேண்டும்.' உள்ளே இருப்பது ஈ காக்கைக்குத் தெரியாது; தெருவில் நின்று பார்த்தால் பார்ப்பவரின் உருவம்தான் தெரியும். பின்கதவைத் தாழிட்டாள்.

அளவுநாடாவை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினாள்.

"கையை உயர்த்துங்கோ, பிள்ளை."

சுபோதினி கண்களை மூடிக்கொண்டாள்.

தாளுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். பேருந்து ஒன்று நின்று புறப்பட்டது. தவமலர் தழும்பைப் பார்த்தாள். தோளைப் பார்ப்பதுபோல, முதுகைப் பார்ப்பதுபோல, அதையும் பார்த்தாள். பெட்டியில் இருந்ததை மாட்டிவிட்டு, பட்டியை ஒரு விரல் இறக்கினாள். கொக்கியை அடுத்த வளையத்துக்கு மாற்றினாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டு சுபோதினி நிமிர்ந்தாள்.

"எப்பிடி இருக்கு, அக்கா?"

"வடிவா இருக்கு."

"நீங்கள் எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லுவியள்."

உண்மைதான். பத்தொன்பது வருடங்களாக எல்லோருக்கும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் எப்போதும் ஒரு நிலைக்கண்ணாடி நின்று ஆமாம் என்றது. இன்று அவள் சொல் மட்டும்தான். அது போதவில்லை என்பது சுபோதினியின் கண்ணிலேயே தெரிந்தது.

சுபோதினி அவளைக் கட்டிப்பிடித்தாள். கோட்டைப் போடாமல் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

தவமலர் நாடாவைச் சுற்றினாள். அதிகாரி ஏணியோடு உள்ளே வந்தான். நாலு மணிக்குக் கதவு மூடுகிறது, தாள்களைக் கிழிக்க வேண்டும் என்றான். ஏணியைச் சாத்தி, ஏறி, தாளின் மேல் மூலையைச் சுரண்டினான்.

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள்.

தாள் முடிந்து கண்ணாடி தெரிந்த அந்த ஒரு முழத்தில், வெளியே, இரண்டு பழுப்புச் செருப்புகள். கண்ணாடியைப் பார்த்து நின்றன.

இடப்பக்கம் திரும்பின. நின்றன.

வலப்பக்கம் திரும்பின.

ஓர் அடி பின்னால் போய், மறுபடி கிட்ட வந்தன.

அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீர்கள்," என்றாள். "வாடிக்கையாளர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை."