முகூர்த்த நேரத்தில் குத்துப்பாட்டு

"ஏலே, அந்தக் கருமத்தை நிப்பாட்டுலே!"

மேடையில் நின்று முத்துராமலிங்கம் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த ஐயருக்கே கேட்கவில்லை. குத்துப்பாட்டு அப்படி அலறியது. பழனிசெட்டிபட்டி கல்யாண மண்டபமே கிடுகிடுத்தது.

மணவறையில் உட்கார்ந்திருப்பது பெற்ற மகள் மகாலட்சுமி. தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான். மனுஷனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

அதுவும் இவர் யார்? பெரியகுளத்தில் எங்கே கச்சேரி நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர். சினிமாப் பாட்டு வந்துதான் ஜனங்களின் ரசனை குட்டிச்சுவராகிவிட்டது என்று ஆபீசில் டீ குடிக்க விடாமல் வகுப்பெடுக்கிறவர். நாயனக்காரரிடம் காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தாலி கட்டுற வரைக்கும் தவில்ல யாரும் கை வைக்கக் கூடாது. நாயனம் மட்டும் தனியாப் பேசணும். ஆலாபனைன்னா என்னன்னு இந்தச் சனங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

மைக்செட் ஏற்பாடு மச்சினன் வீரணனுடைய பிடிவாதம். சாப்பாட்டுப் பந்தி முடிந்த பிறகுதான் பாட்டுப் போடவேண்டும் என்று இவர் மைக்செட் கார்த்திக்ராஜிடம் கறாராகப் பேசியிருந்தார். தலையைத் தலையை ஆட்டினானே, படுபாவி!

முத்துராமலிங்கம், மாப்பிள்ளையின் அம்மா சுருளியம்மாளின் முகத்தைப் பார்த்தார். அது சுருங்கிக் கிடந்தது. போச்சுடா!

தேவதானப்பட்டிச் சம்பந்தம் இது. நிச்சயதார்த்தத்தில் குத்துவிளக்கு அணைந்துபோனதற்கே கல்யாணத்தை மூன்று மாசம் தள்ளிவைத்த மகராசி அந்தம்மா. 'இன்னொரு அபசகுனம் கண்ணுலயோ காதுலயோ பட்டுச்சுன்னா, மணவறையில இருந்தாலும் என் மகனை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்' என்று சொல்லிவிட்டுத்தான் தேதியே குறித்தாள். மகாலட்சுமி அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

முத்துராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மண்டபத்தின் இரும்புக் கேட்டைச் சாத்திவிட்டு, ஆம்ப்ளிபயர் முன்னால் நின்றிருந்தான் கார்த்திக்ராஜ்.

"கேட்டை எதுக்குடா சாத்தியிருக்க? அங்கன நாயனக்காரரு கல்யாணி ராகம் வாசிக்கிறாரு, இங்கன நீ டங்கு டங்குன்னு... இதெல்லாம் ஒரு பாட்டாடா?"

"ஐயா, ஒரு நாலு நிமிசம் பொறுத்துக்கங்க."

"உங்களாலதான்டா நாட்டுல ஒருத்தனுக்கும் காது விளங்கல. நிப்பாட்டு!"

அவர் சுவிட்சுக்குக் கையை நீட்ட, அவன் இரண்டு கையாலும் பெட்டியை மறைத்துக்கொண்டான்.

"அடிக்கணும்னா அடிங்கய்யா. இதை மட்டும் தொடாதீக."

சட்டையைப் பிடித்துவிட்டார். நல்லவேளை, வீரணன் ஓடிவந்தான்.

"மாமா, ஐயர் கூப்பிடுறாக! வாங்க!"

அவர் மேடை ஏறவும் பாட்டு தானாக நின்றது. கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. அட்சதை போட்ட கையோடு முத்துராமலிங்கம் திரும்பவும் வாசலுக்கு வந்தார். இன்றைக்கு அவனை மூட்டை கட்ட வைக்காமல் விடுவதில்லை.

கேட் திறந்திருந்தது. ரோடு முழுக்க உதிர்ந்த சாமந்திப் பூ. நடுவில் பொரி இறைந்து கிடந்தது.

பிணம் போன தடம்!

தலையில் துண்டு கட்டிய ஒருத்தர், முன்னால் போன கூட்டத்தை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தவர், இவரைப் பார்த்து நின்றார்.

"தாலி கட்டியாச்சுங்களா? புள்ளைக நல்லா இருக்கட்டும். எங்கக்கா தவறிட்டாக. மண்டபத்தைப் பார்த்ததும் சங்கு ஊதுறதையும் கொட்டு அடிக்கிறதையும் நிப்பாட்டச் சொல்லிட்டேன். முச்சந்தி வரைக்கும் வந்த பொம்பளைக அழுகையை எப்பிடிங்க நிப்பாட்டுறது? இந்தத் தம்பிதான் ஓடிவந்து, 'அவுக அழட்டும்ணே, நான் பாட்டைக் கூட்டி வச்சுக்கிறேன்'னுச்சு."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கார்த்திக்ராஜ் தலைகுனிந்தபடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். கசங்கிய சட்டையில் மேல் பட்டன் இல்லை.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"பக்கத்துல மாப்பிள்ளை வீட்டாளுக நின்னாகளேய்யா. அவுக காதுல விழுந்தா அப்புறம் என்னத்துக்கு ஆகும்? மொதல்ல தவிலைத்தான் அடிக்கச் சொன்னேன். நீங்க கை வைக்கக் கூடாதுன்னு சொன்னீகளாம். மாட்டேன்னுட்டாக."

அபசகுனச் சத்தம் காதில் விழக் கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறோம்!

உள்ளேயிருந்து சுருளியம்மாள் குரல் வாசலை நோக்கி வந்தது. முத்துராமலிங்கம் பாய்ந்துபோய்க் கேட்டைச் சாத்திவிட்டு, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"ஏன் சம்பந்தி, நல்ல நேரத்துல அந்தக் கண்றாவிப் பாட்டைப் போட்ட கூறுகெட்டவன் எவன்? இவனா?"

கார்த்திக்ராஜ் ஒயரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீக சம்பந்தி" என்றார் முத்துராமலிங்கம். "நான்தான் போடச் சொன்னேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு அது."